எங்கே இருப்பார் என்று கேட்டார்கள்

1

நாளைக்கு அண்ணன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இங்கே, இந்த வெளிநாட்டில், நாங்கள் போகும் மாதா கோவிலில் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கான சீட்டில் இறந்தவர் பெயர், உறவு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. மரியதாஸ், அண்ணன் என்று எழுதிக் கொடுத்தேன். கோவில் ஆபீசில் இருந்த அம்மாள் சீட்டை வாங்கிக்கொண்டே, அண்ணன் என்ன வேலை பார்த்தார் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். விவசாயம் என்றேன்.

மகள் ஜெனி பக்கத்தில் நின்றிருந்தாள். பதினாலு வயது. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டாள்: "பெரியப்பா மிலிட்டரிலதானப்பா இருந்தாங்க?"

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பார். பல வருஷம் ஒரு ஆள் கண்ணில் படவில்லை என்றால், மிலிட்டரி என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். ஜெனிக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம். அவள் கேட்ட கேள்விக்கு நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, அதுக்கு முன்னாடி விவசாயம்" என்று சமாளித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

அண்ணன் மிலிட்டரியில் இல்லை. பதினாறு வருஷம் ஜெயிலில் இருந்தான். அதில் பதினாலு வருஷம் சட்டம் கொடுத்தது. மீதி இரண்டு வருஷம் நான் சொன்ன ஒரு பதிலால் வந்தது. வெளியே வந்தால் அவன் இருப்பதற்கு ஒரு வீடு வேண்டும். அது என் வீடாக இருந்திருக்க வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதினால் ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதைப் படிப்பவர்கள் இருப்பீர்கள். உங்களில் யார் வீட்டு ஆளாவது உள்ளே இருந்தால், அவரைப் பற்றி விசாரிக்க ஒரு நாள் ஒரு அதிகாரி உங்கள் வாசலுக்கு வருவார். அந்த நாளுக்காக எழுதுகிறேன்.

2

எங்கள் சொந்த ஊர் கான்சாபுரத்துக்கும் மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. எண்பதுகள் தொடங்குகிற சமயம். அந்த வருஷம் மழை குறைவு. கண்மாயில் கிடந்த கொஞ்சம் தண்ணீரை எந்த வயலுக்கு முதலில் விடுவது என்று எங்கள் சித்தப்பாவுக்கும் மேலத்தெரு ராமையாவுக்கும் தகராறு. ஒரு நாள் விடியற்காலையில் சித்தப்பா மடையைத் திறக்கப் போனார். அண்ணனையும் சேர்த்து ஐந்து பேர் கூடப் போனார்கள். அண்ணன் கையில் மண்வெட்டி இருந்தது. மடைக்குப் போகிறவன் கையில் வேறு என்ன இருக்கும்? அவனுக்கு அப்போது இருபத்துநாலு வயது.

அங்கே வாய்ச்சண்டை முற்றி, சித்தப்பா அடித்த ஒரே அடியில் ராமையா விழுந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அடித்தது நான்தான் என்று சித்தப்பாவே கோர்ட்டில் சொன்னார். ஆனாலும் ஆறு பேரும் ஒரே எண்ணத்தோடு போனவர்கள் என்று தீர்ப்பானது. ஆறு பேருக்கும் ஆயுள்.

கோர்ட் வாசலில் அப்பா வக்கீலின் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கூட நின்னதுக்கு எம்புட்டுய்யா தண்டனை?"

"அதுக்கும் அதேதான் பெரியவரே. கொலைன்னு முடிவாயிட்டா தூக்கு, இல்லேன்னா ஆயுள். நடுவுல ஒண்ணு சட்டத்துல கெடையாது. ஜட்ஜ் நெனச்சாலும் கொறைக்க முடியாது."

"ஆயுளுன்னா பத்து வருசத்துல விட்டுருவாகன்னு சொல்லுதாகளே?"

"அது முன்னாடி. இப்பச் சட்டத்தை மாத்திட்டாங்க. பதினாலு வருசம் முழுசாக் கழியாம விடக்கூடாது."

அப்பா கோட்டை விட்டுவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி ஒரு சாவு விழுந்தால், கோர்ட்டு தீர்ப்பு ஒரு பக்கம் இருக்க, அடித்தவர்கள் குடும்பம் செத்தவர் குடும்பத்துக்கு ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் ஆள் இனி ஊர் மிதிக்க மாட்டான் என்கிற வாக்கு. அதைக் கொடுத்துவிட்டால் பழிக்குப் பழி என்று யாரும் கிளம்பமாட்டார்கள். கோவில் முன்னால் ஊர்க்காரர்கள் கூடியிருக்க, ராமையாவின் அண்ணன் எங்கள் அண்ணனைக் குறித்து அப்பாவிடம் சொன்னார்: "எம்புட்டு வருசம் ஆனாலும் சரி, அவன் நெழலு இங்க விழக்கூடாது."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "விழாதுய்யா. அவன் இந்தப் பக்கமே வரமாட்டான். நாங்க வரவிட மாட்டோம்."

நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். அந்த வார்த்தைகள் என் மனதில் அப்படியே பதிந்துவிட்டன. அந்த மாதமே வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கு வந்துவிட்டோம். நான் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு பாக்டரியில் தறிக்குச் சேர்ந்தேன். அப்பா நாலு வருஷத்தில் போய்விட்டார். அம்மா இறந்தபோது அண்ணனைப் போலீஸ் காவலோடு மூன்று மணி நேரம் ராஜபாளையம் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அவன் அம்மா காலைத் தொட்டுவிட்டு, ஊரில் நடந்த அடக்கத்துக்கு வராமல், திரும்பி வேனைப் பார்த்து நடந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு வெளியே இருந்த சொந்தம் நான் ஒருவன்தான்.

3

இங்கே நான் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மனைவி ஸ்டெல்லா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய வேலையால்தான் எங்களுக்கு இந்த நாடு. காலையில் ஆறு மணிக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, காயவைத்து, நீளமான இஸ்திரி மெஷினுக்குள் இரண்டு பேராக இரண்டு முனையைப் பிடித்து விடுவோம். என்னோடு மறுமுனையைப் பிடிப்பவர் வால்டர். கறுப்பினத்தவர், என்னைவிட மூத்தவர்.

வந்த புதிதில் நான் சூப்பர்வைசரிடம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சார் போட்டுப் பேசுவேன். பாக்டரிப் பழக்கம். ஒரு நாள் வால்டர் மெஷின் சத்தத்துக்கு நடுவில் என்னிடம், "அவனை சார் என்று கூப்பிடாதே. கேட்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. நான் உள்ளே இருந்தபோது அப்படிக் கூப்பிட்டேன்" என்றார். உள்ளே என்றால் எங்கே என்று எனக்கு உடனே புரிந்தது. இந்த ஊர் இங்கிலீஷில் எனக்குப் பாதி புரியாது. ஆனால் அது புரிந்தது.

அவர் பதினேழு வருஷம் இருந்திருக்கிறார். யாருக்கோ கார் ஓட்டினார். காரில் போதை மருந்து இருந்தது. இந்த மாநிலத்தில் எத்தனை எடை என்று பார்த்து, அதற்கு இத்தனை வருஷம் என்று சட்டத்திலேயே போட்டுவிட்டார்களாம். நீதிபதி, என் கையில் ஒன்றுமில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே தீர்ப்பை வாசித்தாராம். "சரக்கை நிறுத்துப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை" என்று வால்டர் சொல்வார்.

சனிக்கிழமைகளில் அவரும் அவரைப் போல வெளியே வந்த ஏழெட்டுப் பேரும் நூலகத்தின் முன்னால் ஒரு மடக்கு மேஜை போட்டு, அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். போகிறவர்களில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர் நின்று திட்டுவார்கள். வால்டர் அவர்களுக்கும் வணக்கம் சொல்வார்.

நான் இரண்டு சனிக்கிழமை எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்படி ஒரு கூட்டத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்கு எதிரே ஒரு சைக்கிள் ஸ்டாண்டில். அதைச் சொல்வதற்கு முன்னால் என் தவறைச் சொல்லிவிட வேண்டும்.

4

பதினாலு வருஷம் முடிந்த வருஷம் அண்ணன் பெயர் விடுதலைப் பட்டியலுக்கு வந்தது. அதை முடிவு செய்யும் போர்டு கூடிப் பேசுவதற்கு முன்னால், இவனை விட்டால் என்ன ஆகும் என்று வெளியே விசாரித்து அறிக்கை வாங்குவார்கள். அப்படி ஒரு அதிகாரி ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். வெயிலில் சைக்கிளில் வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"மரியதாஸ் வெளிய வந்தா எங்க இருப்பார்?" என்று கேட்டார்.

எனக்கு அவர் எதைக் கேட்கிறார் என்று தோன்றியது தெரியுமா? மறுபடியும் ஊரில் சண்டை வருமா, ராமையா வீட்டு ஆட்களுக்கு இவனால் தொந்தரவு உண்டா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்தேன். அண்ணனைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அப்பா சொன்னதையே சொன்னேன்.

"அவன் இந்தப் பக்கமே வரமாட்டான் சார். நாங்க வரவிட மாட்டோம்."

"நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"சத்தியமா சார். நாங்க வாக்குக் குடுத்திருக்கோம்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கும்பிட்டு அனுப்பிவிட்டு, நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் பாக்டரிக்குப் போனேன். ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். இந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு அண்ணன் வந்துவிடுவான் என்றேன்.

ஆறு மாதம் கழித்து உத்தரவு வந்தது. விடுதலை மறுக்கப்பட்டது. காரணம்: குடும்பத்தார் ஏற்றுக்கொள்ள விருப்பமில்லை என்று தெரிவித்துள்ளனர். அடுத்த பரிசீலனை இரண்டு வருஷம் கழித்து.

அந்த உத்தரவில் ஒரு நகலை அண்ணனிடமும் கொடுத்திருப்பார்கள் என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அடுத்த மாதம் மனு போட்டு அவனைப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். என்னால் கத்த முடியாது. அவன் பாக்டரி எப்படி ஓடுது, பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா என்று கேட்டான். உத்தரவைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டார்கள்.

5

சைக்கிள் ஸ்டாண்டு பால்சாமி அண்ணன் என்னைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு. கோர்ட்டுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அவரிடம்தான் சைக்கிளை விடுவார்கள். அவரும் ஒரு ஆயுள் கைதியாக இருந்தவர். யார் முகத்தில் என்ன கேஸ் என்று அவருக்குத் தெரியும். நான் உத்தரவை வக்கீலிடம் காட்டிவிட்டு வந்து சைக்கிளை எடுக்கையில், "எத்தனாவது தரம் தள்ளியிருக்கான்?" என்று கேட்டார். சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊர்ல குடுத்த வாக்க ஆபீசர்ட்டச் சொன்னியாக்கும்! நீ ஒருத்தன் மட்டுமில்லலே. இந்தப் பக்கம் பத்துக்கு ஆறு பேரு இதத்தான் சொல்லுதான். வாக்கு வாக்குன்னு சொல்லி ஆளை உள்ளயே வச்சிருதாக."

அவர் வீட்டில் வாக்கு என்று ஒன்றும் இல்லை. விசாரிக்க வந்தவரிடம் அவருடைய சொந்தக்காரர்கள், அவன் எங்களுக்குச் செத்துப்போனான் என்று சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தார்.

அவரும் உள்ளே இருந்து வந்த இன்னும் மூன்று பேரும் சேர்ந்து, வால்டர் இங்கே செய்கிற மாதிரி ஒரு வேலையைச் செய்தார்கள். அடித்தவனுக்கும் கூட நின்றவனுக்கும் ஒரே தண்டனை என்பதை மாற்ற வேண்டும், பதினாலு வருஷம் என்ற பூட்டை எல்லாருக்கும் ஒரே மாதிரி போடக் கூடாது என்று மனு எழுதி, டைப் அடித்து, எம்.எல்.ஏ.க்களிடமும் மந்திரிகளிடமும் கொண்டு போய்க் கொடுப்பார்கள். மெட்ராஸுக்கு ரயிலில் போய் நாள் முழுக்கக் காத்திருந்து திரும்புவார்கள். ஒரு எம்.எல்.ஏ. இவர்களைப் பார்த்து, "கொலைகாரனுக்குச் சட்டத்த மாத்தணும்னு கேக்க நீங்களே வந்துட்டீங்களா?" என்று சிரித்தாராம். "வேற யாருங்கய்யா உள்ள இருந்து பாத்தது?" என்று பால்சாமி அண்ணன் கேட்டிருக்கிறார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டாராம்.

சட்டம் மாறுகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாது என்று அவர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோர்ட் கிடையாது, ஸ்டாண்டு காலியாக இருக்கும். விசாரணை வரப்போகிற குடும்பங்களை அங்கே வரச் சொல்லி, ஒரு நாற்காலியில் பால்சாமி அண்ணன் ஆபீசர் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்பார். இவர்கள் பதில் சொல்லிப் பழக வேண்டும்.

வ. புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு வயதான தாயார் முதலில் நின்றார்.

"ஒங்க மகன் வெளிய வந்தா என்ன செய்வான்?"

"அய்யா பாத்து என்ன சொன்னாலும் சரிங்க."

"அட ஆத்தா! அய்யா சொல்லமாட்டாரு, அய்யா எழுதுவாரு. நீதான் சொல்லணும்."

அடுத்தது செல்வி என்று ஒரு பெண். அவள் புருஷன் உள்ளே இருந்தான்.

"ஒம்புருசன் வந்தா ஊர்ல சண்டை வருமாம்மா?"

"யாரு கண்டா. வந்தாலும் வரும்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "ஏட்டி, ஒரே வார்த்தையில அவன ரெண்டு வருசம் தூக்கி உள்ள போட்டுட்டியே!" என்றார் பால்சாமி அண்ணன்.

"நெசத்தத்தான சொன்னேன். அவரு வாய் சும்மா இருக்காதுல்ல" என்றாள் அவள், சிரிக்காமல்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

"ஒங்க அண்ணன் எங்க இருப்பாரு?"

"எங்க வீட்டுல."

"காதுல விழல."

"எங்க வீட்டுல."

"ஏலே அருளு, ஆபீசருக்குக் கேக்கணும்லே. உள்ள இருக்கவனுக்கும் கேக்கணும். நெஞ்ச நிமுத்திச் சொல்லு."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனேன் என்று நினைவில்லை. கடைசியில் சொல்ல வந்தது.

6

இரண்டாவது பரிசீலனை வந்தபோது ஸ்டெல்லா இங்கே வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் ஜெனிக்கும் விசாவுக்கான காகிதங்கள் வந்த அதே மாதம் வேறொரு அதிகாரி விசாரிக்க வந்தார். கேள்வி அதேதான். நான் நிமிர்ந்து நின்று, "எங்க வீட்டுலதான் இருப்பாருங்க. நான் வச்சுக்கிடுவேன்" என்றேன். அவர் தலையாட்டி எழுதினார். பிறகு, பழக்கியவர்கள் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"நீங்க இந்த வீட்டுலயேதான இருப்பீங்க?"

பீரோவில் பாஸ்போர்ட் இருந்தது.

"இருப்போம் சார்" என்றேன்.

அண்ணனை விட்டார்கள். கூட்டிவரப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்று உள்பக்கம் உட்கார்ந்தான். ஒன்பது வாரம் எங்கள் வீட்டில் இருந்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து, போர்வையை நாலு மூலையும் சேர மடித்துவைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். வெளியே போகிற கதவைத் தானாகத் திறக்கமாட்டான். ஜெனி பார்த்துவிட்டு, "மிலிட்டரின்னா இப்படித்தான் இருப்பாங்களாப்பா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

அவன் கொண்டு வந்த துணிப்பையில் ஒரு வேட்டி, ஒரு ஜெபமாலை, அந்த மறுப்பு உத்தரவு. துவைக்கத் துணி எடுக்கையில் பார்த்தேன். மடிப்பு இற்றுப் போயிருந்தது. எத்தனை தடவை பிரித்து வாசித்திருப்பான் என்று தெரியவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

விசா முத்திரை விழுந்ததும்தான் பயம் வந்தது. விடுதலை உத்தரவில், கொடுத்த விலாசத்தில், பொறுப்பேற்ற ஆளோடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை. நான் போய்விட்டால் நிபந்தனை மீறல், அவன் திரும்பவும் உள்ளே போக வேண்டியதுதான். பால்சாமி அண்ணனிடம் ஓடினேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எம்பொறுப்புல எடுத்துக்கிடுதேன். ஆனா நீ மொதல்ல ஒம்பொறுப்ப விட்டுட்டதா எழுதிக் குடுக்கணும்" என்றார்.

அதை எழுதிக்கொண்டு வந்தது அண்ணன்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்து, தானே சொல்லி எழுதி வாங்கி, மத்தியான பஸ்ஸில் வந்தான். பாக்டரி வாசலுக்கே வந்துவிட்டான். நான் துணிப்பஞ்சு ஒட்டிய கையோடு வெளியே வந்தேன்.

"இதுல கையெழுத்துப் போடுலே."

"குடுண்ணே."

"வாசிச்சுட்டுப் போடு. என்ன எழுதியிருக்குன்னு பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது."

வாசித்தேன். மேற்படி மரியதாஸ் என்பவரை இனிமேல் என் வீட்டில் வைத்துப் பராமரிக்க என்னால் இயலாது என்று இருந்தது. முன்பு நான் தெரியாமல் சொன்னதை இப்போது தெரிந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அண்ணே, அன்னைக்கு நான் ஆபீசர்ட்டச் சொன்னது..."

"என்னைக்கு?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லண்ணே."

"போடு. ஆபீச அடைச்சிருவான்."

போட்டேன். அவன் மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் ஊதினான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "பிள்ளைக்குக் குளிருக்கு நல்லதா எடுத்துக் குடு. அங்க ரொம்பக் குளிருமாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். நான் மறுபடி தறிக்குப் போனேன். அன்றைக்கு இழை அறுந்துகொண்டே இருந்தது.

7

அதற்குப் பிறகு அண்ணன் பால்சாமி அண்ணனோடு ஸ்டாண்டிலேயே இருந்தான். நான் மாதம் ஒரு கடிதம் போடுவேன். அவன் இரண்டு மாதத்துக்கு ஒன்று எழுதுவான். எல்லாரும் சுகம், மழை இல்லை, பிள்ளையைக் கேட்டதாகச் சொல், இவ்வளவுதான் இருக்கும். இங்கே குடியுரிமைக்கு முந்தின காகிதங்களில் உடன்பிறந்தவர் விலாசம் கேட்டிருந்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டு, கோர்ட் எதிரில் என்று எழுதினேன்.

போன வருஷம் நெஞ்சுச் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து இறந்துவிட்டான். பால்சாமி அண்ணன் போன் செய்தபோது நான் வேலையில் இருந்தேன். போவதற்கு லீவும் இல்லை, கையில் சரியான காகிதமும் இல்லை. ஊரில் அப்பா அம்மா பக்கத்தில் வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, அவரே, "வாக்கு இருக்குல்ல. அவன் மீறமாட்டான்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அடக்கம் செய்தார்கள்.

இன்றைக்குக் காலையில் ஜெனியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். எனக்கு வேறு எதிலும் வராது. அவள் இப்போதெல்லாம் நாங்கள் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்பவள். முடிகிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "நான் பெரியப்பாகிட்ட துப்பாக்கி சுடுவீங்களான்னு கேட்டேன். அவங்க ஆமான்னு சொன்னாங்க" என்றாள். பிறகு அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்டெல்லா போய்த் தட்டினாள். திறக்கவில்லை.

நான் நூலகத்துக்குப் போனேன். முதல் தடவையாகச் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். அண்ணனைப் பற்றி வால்டரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பேனாவை எடுத்தேன். அவர் தடுத்தார். இந்த நாட்டுக் குடிமகன் கையெழுத்து மட்டும்தான் செல்லுமாம், என்னுடையது இருந்தால் அந்தத் தாளையே தள்ளிவிடுவார்களாம். மாலையில் மேஜையை மடக்கி வண்டியில் ஏற்ற ஆள் வேண்டும் என்றார். அதைச் செய்தேன்.

திரும்பி வந்தபோது தபாலில் பால்சாமி அண்ணன் கடிதம் இருந்தது. வருஷ நினைவு வருகிறதே என்று, அண்ணன் கடைசிக் காலத்தில் எப்படி இருந்தான், என்ன செய்துகொண்டிருந்தான் என்று நான் அவருக்கு எழுதிக் கேட்டிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல வக்கீல் குமாஸ்தா எழுதியிருக்கிறார். அதிலிருந்து கொஞ்சம் அப்படியே எழுதுகிறேன்.

"நம்ம மனு இன்னும் மேலயே கெடக்கு. சட்டம் மாறல. கூட நின்னவனுக்கு இன்னைக்கும் அதே ஆயுளுதான். போன மாசமும் போயிட்டு வந்தோம். ஞாயித்துக்கெழம வேல மட்டும் நிக்காம நடக்குது. செல்வி புருசன் வந்துட்டான். ஒங்க அண்ணன் வந்த பொறவு நான் ஆபீசர் நாக்காலியில உக்காரல. அவனத்தான் உக்கார வச்சோம். சத்தம் போடமாட்டான், மெதுவாத்தான் கேப்பான். ஆனா யாரையும் லேசுல விடமாட்டான். ஒரு தரம் வத்திராயிருப்புலருந்து ஒரு அக்காக்காரி தம்பிக்காக வந்திருந்தா. ஒங்க தம்பி வந்தா எங்க இருப்பார்னு இவன் கேட்டான். எங்க வீட்டுலதான் இருப்பான், வேற எங்க போவான்னு அவ பட்டுனு சொன்னா. மொத தரத்துலயே அம்புட்டுச் சரியா யாரும் சொன்னதில்ல. இவன், இன்னொரு தரம் சொல்லுங்கம்மான்னான். சொன்னா. பொறவும் இன்னொரு தரம்னான். அதான் சரியாச் சொல்லிட்டாளே, அவளப் போட்டு ஏன்லே படுத்துதேன்னு கேட்டேன். கேக்க நல்லாருக்குண்ணேன்னான்."